சிறுத்தை தென்பட்டால் சுட ஆள் கூப்பிடலாமா?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில், கரட்டை, அதாவது சின்னப் பாறைக் குன்றை ஒட்டிய ஒரு ஊர். கொஞ்ச நாளாகச் சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு. விடியற்காலையில் பால் கறந்து எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர், அது ரோட்டைத் தாண்டியதைப் பார்த்திருக்கிறார். கேட்டவரின் பெரியப்பா வீட்டில் இரண்டு வெள்ளாடு போய்விட்டது. "வனத்துறையிடம் சொன்னால் பார்க்கிறோம் என்கிறார்கள். காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுத்த அரசு, குறி தவறாமல் சுடுகிற ஒருவருக்குச் சிறுத்தையைச் சுட அனுமதி கொடுத்தால் என்ன? ஒரு பிள்ளையை அடித்த பிறகுதான் சுடுவார்களா?"

என் பதிலை முதலிலேயே சொல்கிறேன். பார்த்ததற்காகவும் ஆடு போனதற்காகவும் சிறுத்தையைச் சுடக் கூடாது. சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். சுட்டால் உங்கள் ஊருக்குத்தான் ஆபத்து கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மனிதரைத் தேடி வந்து அடிக்கிற விலங்கு என்று உறுதியானால் அது வேறு கதை. அப்போது அரசு தயங்கக் கூடாது, தேவைப்பட்டால் கொல்லவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒவ்வொரு முறையும் ஊர் கொதிக்கிறது, எதுவும் நடப்பதில்லை.

நான் கால்நடை மருத்துவர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் வேலை பார்த்தவன். சிறுத்தை அடித்ததாகச் சொல்லி என்னிடம் காட்டப்பட்ட ஆடு மாடுகள் ஏராளம். அதனால் ஆட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஆடு செத்துக் கிடந்தால் ஊரில் முதலில் வருகிற சொல் சிறுத்தை. ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பகுதி நாய் கடித்தது. நாய்க்கூட்டம் பின்னங்காலையும் தொடையையும் வாலடியையும் குதறும். ஒரே ராத்திரியில் ஐந்தாறு ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டுப் பாதியை அப்படியே விட்டுப் போகும். சிறுத்தை தொண்டையைப் பிடிக்கும். பிடித்த பிடியை விடாமல் மூச்சை நிறுத்திக் கொல்லும். மேலே பார்த்தால் முடி மறைத்திருப்பதால் ஒன்றுமே தெரியாது. கழுத்துத் தோலை உரித்தால்தான் விஷயம் புரியும். கோரைப் பல் இறங்கிய நாலு ஓட்டை இருக்கும். மேல் பற்கள் இரண்டுக்கும் இடையே சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி. சுற்றிலும் தசைக்குள் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாகக் கிடக்கும். உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படி ரத்தம் கட்டும். ஆடு துள்ளுமாரி நோயில் ராத்திரியே செத்து, விடிவதற்குள் நாயோ நரியோ வந்து தின்றிருந்தால், கடித்த இடம் வெளுத்துக் கிடக்கும், உள்ளே ரத்தக்கட்டு இருக்காது. மழை தொடங்கிப் புதுப்புல் முளைக்கிற காலத்தில் துள்ளுமாரியில் செத்த ஆட்டையெல்லாம் சிறுத்தைக் கணக்கில் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வயிறு கிழிந்த ஆட்டைப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அடுத்தது கால்தடம். சிறுத்தையின் தடம் ஏறக்குறைய வட்டமாக இருக்கும், அகலம் 7, 8 சென்டிமீட்டர். நகம் பதியாது, நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மேடு தெரியும். நாய்த்தடம் நீளவாக்கில் இருக்கும், விரல் நுனியில் நகம் குத்திய புள்ளி இருக்கும். நம் கிருஷ்ணகிரிக் கரடுகளில் கழுதைப்புலியும் உண்டு, அதற்கும் நகம் பதியும். ஓடை மணலிலோ, தண்ணீர் கட்டிய வயல் வரப்பிலோ தடம் கிடைத்தால், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் போட்டோ எடுங்கள். ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். வனவர் வரும்வரை அது கலையாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

செல்போனில் சுற்றுகிற படங்களை மட்டும் நம்பாதீர்கள். எங்கோ குஜராத்தில் எடுத்த வீடியோ "நேற்று இரவு நம்ம ஊர் ஏரிக்கரையில்" என்று வரும். இப்போது கம்ப்யூட்டரே வரைந்து தருகிற படங்களும் சேர்ந்துவிட்டன. அந்தப் படம் பரவினால் நூறு பேர் தடி எடுத்துக்கொண்டு கரட்டில் ஏறுவார்கள். நிஜமாகவே அங்கே ஒரு சிறுத்தை படுத்திருந்தால், அடிபடப் போவது அந்த நூறு பேரில் ஒருவர்.

இதையெல்லாம் சொல்வதால் உங்கள் ஊரில் சிறுத்தை இல்லை என்று சொல்லவில்லை. இருக்கும். இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்தின் தெற்கு, மேற்கு ஓரம் முழுக்கக் காடு. ஜவளகிரி, உரிகம், அஞ்செட்டிக் காடுகளைச் சேர்த்துக் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவிரி தெற்குச் சரணாலயம் வந்தது, அது 686 சதுர கிலோமீட்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயமும் மாதேஸ்வரன் மலைக் காடும். வடக்கே தளி வழியாகப் போனால் பன்னேர்கட்டா. இது மொத்தமும் ஒரே தொடர். 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் 1,070. அந்த 1,070இல் நம் காட்டுக்கும் பங்கு உண்டு.

புலிக்குப் பெரிய காடு வேண்டும், சிறுத்தைக்கு வேண்டாம். ஒரு பாறைக் கரடு, நாலு புதர், ஒரு குட்டை, சுற்றிலும் நாய், முயல், மயில், காட்டுப்பன்றிக் குட்டி இருந்தால் போதும். ராயக்கோட்டையிலிருந்து பாலக்கோடு வரை, அந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி வரை, இப்படிக் கரடு எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கல் குவாரிக்காகக் கரட்டை உடைக்க உடைக்க, அங்கே குடியிருந்தது பக்கத்து மாந்தோப்புக்கு இறங்கும். "வழி தவறி ஊருக்குள் வந்துவிட்டது" என்று செய்தியில் போடுவார்கள். பெரும்பாலும் அது தவறி வந்ததே இல்லை. பல வருடமாக ராத்திரி நேரத்தில் உங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது, அல்லது கேமராவில்.

மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் அகோலே என்று ஒரு ஊர். காடே இல்லை, கரும்புக் கொல்லைகள்தான். சிறுத்தைகளை ஆராய்கிற வித்யா ஆத்ரேயாவும் அவர் குழுவும் அங்கே தானியங்கி கேமரா வைத்துப் பார்த்ததில், 100 சதுர கிலோமீட்டருக்கு ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் அளவுக்கு இருந்தன. அதே பரப்பில் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் சுமார் 300 மனிதர்கள். ஆய்வு நடந்த காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் யாரையும் சிறுத்தை கொல்லவில்லை. அங்கே சிறுத்தையின் முக்கியமான சாப்பாடு நாய்.

சரி, இப்போது சுடுவதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையம் அதுதான்.

சுட வருகிறவர் எந்தச் சிறுத்தையைச் சுடுவார்? ராத்திரி, டார்ச் வெளிச்சம், கரட்டோரம். கண்ணில் முதலில் படுவதைத்தான் சுடுவார். பெரியப்பாவின் ஆட்டைத் தின்றது அதுதானா என்று யாருக்குத் தெரியும்? ஒரு கரட்டைச் சுற்றி ஒரு ஆண், ஒன்றிரண்டு பெண், வளர்ந்தும் வளராத குட்டிகள் என்று இருக்கும். வயதான ஆண் ஒன்று அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அதற்கு ஊரின் போக்கு தெரியும். எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கும், எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம் அடங்கும் என்பதெல்லாம் தெரிந்து, மனிதர் கண்ணில் படாமல் பிழைக்கக் கற்றுக்கொண்டது அது. அதைச் சுட்டு எடுத்துவிட்டால் இடம் காலியாகும். காலியான இடத்துக்குச் சில வாரத்தில் இளவட்டங்கள் வந்து சேரும். அவற்றுக்கு இடமும் தெரியாது, ஊரும் தெரியாது, ஒன்றோடொன்று சண்டை வேறு. பகலில் வெளியே வருவதும், கட்டிய கன்றை அடிக்கப் பார்ப்பதும், ஆளைக் கண்டு மிரண்டு பாய்வதும் இந்த வயசுச் சிறுத்தைகள்தான் அதிகம். சுட்டது தாய் என்றால் நிலைமை இன்னும் மோசம். குட்டி ஒன்றரை வயதைத் தாண்டும்வரை தாயோடுதான் சுற்றும். அதற்கு முன்பே தனியாக விடப்பட்ட குட்டிக்கு மானும் தெரியாது, பன்றியும் தெரியாது. அதனால் பிடிக்க முடிவது கோழி, ஆடு, நாய். பசி முற்றினால் அதற்கும் மேலே.

இது என் யூகம் இல்லை. புனே மாவட்டம் ஜுன்னரில் 2001ஆம் ஆண்டில் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் கொண்டு போய்விட ஆரம்பித்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அதற்கு முன்னால் அந்தப் பகுதியில் மனிதர் மீது தாக்குதல் வருடத்துக்குச் சராசரி 4. பிடித்துவிடத் தொடங்கிய பிறகு அது 17 ஆனது. கொண்டு போய்விட்ட இடங்களிலும் புதிதாகத் தாக்குதல் ஆரம்பித்தது. அங்கே கொல்லவில்லை, அப்புறப்படுத்தத்தான் செய்தார்கள். ஆனால் பிடித்த இடத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், பழகிய விலங்கு போய்ப் புதியது வருகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பூமா என்கிற பெரிய பூனையை வேட்டைக்காரர்கள் உரிமம் வாங்கிச் சுடலாம். அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுவே. அதிகம் சுட்ட பகுதிகளில், அடுத்த வருடம் புகாரும் கால்நடை இழப்பும் கூடியிருந்தன. உத்தரகண்டில் அனுமதி பெற்ற வேட்டைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக ஆட்கொல்லிச் சிறுத்தைகளைச் சுட்டு வருகிறார்கள். அங்கே தாக்குதல் நின்றபாடில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவது. குண்டு பட்டும் சாகாத சிறுத்தை. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருப்பது ஊரறிந்த விஷயம், போலீஸும் வனத்துறையும் ஒப்படைக்கச் சொல்லி அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கியில் ஈயக்குண்டும் ஆணித் துண்டும் போட்டு அடித்தால், ஐம்பது அறுபது கிலோ விலங்கு அந்த இடத்திலேயே விழுவது அபூர்வம். தோளிலோ தாடையிலோ வாங்கிக்கொண்டு புதருக்குள் போய்விடும். முன்னங்கால் எலும்பு உடைந்த சிறுத்தை மானைத் துரத்த முடியாது. கோரைப்பல் உடைந்தது பன்றிக் குட்டியைக்கூட அழுத்திப் பிடிக்க முடியாது. அதனால் பிடிக்க முடிவது என்ன என்று யோசித்துப் பாருங்கள். பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியும், கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காயும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சுருக்கை அறுத்துக்கொண்டு, கம்பி இடுப்பில் இறுகியபடி திரிகிற சிறுத்தையைப் போல ஆபத்தானது காட்டில் எதுவும் இல்லை.

பழைய காலத்தில் வேட்டைக்காரர்கள் வந்து ஊரைக் காப்பாற்றவில்லையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். கென்னத் ஆண்டர்சன் பெங்களூரிலிருந்து ஜவளகிரிக்கும் பென்னாகரத்துக்கும் வந்து ஆட்கொல்லிகளைச் சுட்டவர். தளிக்குப் பக்கத்தில் கும்மளாபுரத்தைச் சுற்றி ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றது என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் தேடி வந்தது ஆட்கொல்லி என்று தெரிந்த ஒற்றை விலங்கை. ஆடு போனதற்காக வருகிறவர் தேடுவது கண்ணில் படுகிற எதையும். தவிர, தேர்ந்த துப்பாக்கிக்காரர்கள் இருந்த அந்தக் காலத்திலேயே அந்த எண்ணிக்கை 42 வரை போனது என்பதையும் கவனியுங்கள். வேட்டைக்காரர் இருந்தால் ஊர் பத்திரம் என்பதற்கு அது நல்ல சாட்சி இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை, அபராதம் தனி. பிரிவு 11இன்படி மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவர் மட்டுமே, காரணத்தை எழுத்தில் பதிந்து, கொல்ல உத்தரவிடலாம். விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாகவோ, தேற முடியாதபடி ஊனமோ நோயோ உற்றதாகவோ இருக்க வேண்டும். பிடிக்கவும் மயக்கவும் வேறிடம் கொண்டு போகவும் முடியாது என்று அவர் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கலெக்டருக்கோ எம்.எல்.ஏ.வுக்கோ அந்த அதிகாரம் கிடையாது, அவர்களை மறித்துப் பயனில்லை. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. உங்கள் மேலோ, இன்னொருவர் மேலோ பாய்கிற விலங்கை, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு அடித்துக் கொன்றால் அது குற்றமில்லை. திருட்டு வேட்டைக்குப் போன இடத்தில் பாய்ந்தது என்றால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

காட்டுப்பன்றி விஷயத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு கொடுத்த அனுமதி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளுக்கு. அதையும் வனத்துறைக் குழுதான் சுட வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கிற யாரும் போகலாம் என்பது இல்லை. பன்றி ஒரு ஈற்றில் அரை டஜன் குட்டி போடும். சிறுத்தை போடுவது இரண்டு மூன்று, அதிலும் பாதி பிழைக்காது. பன்றிக் குட்டியைத் தின்பதே சிறுத்தைதான்.

"பிள்ளையை அடித்த பிறகுதான் சுடுவார்களா?" என்று கேட்டீர்கள். நியாயமான கோபம். நீலகிரி பந்தலூரில் 2024 ஜனவரியில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதற்கு முன்பே அங்கே தாக்குதல் நடந்திருந்தது. மக்கள் சாலை மறியல் செய்த பிறகுதான் வேகம் வந்தது, மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அங்கே காத்திருந்தது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆளைக் கண்டும் விலகாமல் பின்தொடர்வது, பட்டப்பகலில் வீட்டு முற்றத்தில் வந்து நிற்பது, மனிதரைத் தாக்கிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வருவது, இதெல்லாம் தெரிந்தால் அன்றைக்கே கூண்டும் கேமராவும் மருத்துவரும் வந்தாக வேண்டும். 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டுக் கொன்றார்கள். அது சரியான முடிவு என்றே நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஆனால் அங்கேயும் எந்த விலங்கு என்பது முக்கியம். 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி23 என்ற புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லி அக்டோபர் முதல் தேதி வேட்டையாட உத்தரவு வந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. கும்கி யானை, நாய், ட்ரோன், கேமரா என்று 21 நாள் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடம்பில் வரிக்கு வரி கேமராப் படத்தோடு ஒப்பிட்டு, அதேதான் என்று உறுதி செய்துகொண்டு செய்த வேலை அது. சிறுத்தைக்கும் உடம்புப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ஒரு கேமராப் படம் இருந்தால் அடையாளம் சொல்லிவிடலாம். ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது துப்பாக்கியை இல்லை, கேமராவை. எத்தனை சிறுத்தை, ஆணா பெண்ணா, குட்டி இருக்கிறதா, நொண்டுகிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பார்த்தது காட்டுப்பூனையாக இருந்தால் அதுவும் தெரிந்துவிடும், ஊரும் நிம்மதியாகத் தூங்கும்.

மயக்க ஊசி பற்றி ஒரு வார்த்தை. ஊசி பட்டவுடன் விலங்கு விழாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், பயத்தில் இருந்தால் இன்னும் கூட. அந்தப் பத்து நிமிடம்தான் உயிர் போகிற நேரம். 2016 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு பள்ளிக்குள் புகுந்த சிறுத்தையைப் பிடிக்கப் போய், சிறுத்தைகளை ஆராய்வதையே வேலையாகக் கொண்ட சஞ்சய் குப்பி பலமாகக் கடிபட்டார். அவ்வளவு தெரிந்தவருக்கே அப்படி. நம் பக்கத்துத் திருப்பத்தூரில் 2024 ஜூன் மாதம், கலெக்டர் அலுவலகத்துக்கு அருகில் பள்ளிக்குள் ஒன்று புகுந்து ஒருவரைக் காயப்படுத்திவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் போய் ஒளிந்துகொண்டது. ஆட்களை வெளியேற்றி, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, ராத்திரி முழுக்கப் பொறுத்திருந்து மயக்கி எடுத்துப் போனார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்ததற்குக் காரணம், கூட்டம் அதைச் சுற்றி வளைக்காததுதான். அதே வருடம் ஏப்ரலில் மயிலாடுதுறை ஊருக்குள்ளேயே ஒன்று தென்பட்டது, காடே இல்லாத டெல்டாவில். கூண்டு வைத்தும் சிக்கவில்லை. பிறகு அரியலூர்ப் பக்கம் தடம் தெரிந்தது. யாரையும் தொடாமல் தன் வழியில் போய்விட்டது.

இப்போது பெரியப்பாவின் ஆட்டுக்கு வருகிறேன். சிறுத்தையைக் காப்பாற்றச் சொல்கிறவர்கள் பலர் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள், அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. உரிகம் பக்கம் ஒரு கிழவி, நான் கழுத்துத் தோலை உரித்துப் பார்த்து முடிக்கும்வரை ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சினை ஆடு, வயிற்றில் இரண்டு குட்டி. பேத்தியின் காலேஜ் பீஸ் அதுதான் என்றார். அவரிடம் போய் இயற்கைச் சமநிலை என்று பேச எனக்கு வாய் வராது. அந்த நஷ்டத்தை ஊரோ அரசோ ஏற்றுக்கொள்ளாமல், அவர் தலையிலேயே கட்டிவிட்டுச் சிறுத்தையைக் காப்போம் என்பது அநியாயம். இழப்பீடு அரசு விதிப்படி உண்டு. ஆனால் சில நேரம் அது வந்து சேர்வதற்குள் அந்த வீட்டில் அடுத்த ஆடும் போய்விடும். இழப்பீடு மாதக்கணக்கில் இழுக்கிற ஊரில்தான் செத்த ஆட்டின் மேல் பயிருக்குப் போடுகிற குருணைப் பூச்சிமருந்தைத் தூவுவார்கள். அதைத் தின்று சிறுத்தை சாகும், வீட்டு நாய் சாகும், கீரி, காக்கை எல்லாம் சாகும், குழந்தை கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யுங்கள். செத்த ஆட்டைப் புதைக்காதீர்கள், இழுத்துப் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லுங்கள், மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் கோப்பு நகராது. வெயிலில் ஒரு நாள் கிடந்தால் நான் சொன்ன ரத்தக்கட்டு அடையாளமே அழுகலில் மறைந்துவிடும், அப்புறம் எந்த மருத்துவராலும் உறுதியாக எழுதித் தர முடியாது. நிறைய பேருக்கு இழப்பீடு கைநழுவிப் போவது இந்த ஒரு நாளில்தான்.

ஆட்டுப் பட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மொத்தப் பிரச்சினையில் பாதி அங்கேதான் தீரும். நம் ஊர்ப்பட்டி பெரும்பாலும் முள்வேலி, இடுப்புயரம், மேலே திறந்தவெளி. சிறுத்தை பத்தடிச் சுவரை ஒரே தாவலில் ஏறும், வாயில் ஆட்டைக் கவ்வியபடி மரமே ஏறும். ஆகவே சுவரை உயர்த்திப் பயனில்லை, மேலே மூட வேண்டும். இரும்புக் குழாயோ யூகலிப்டஸ் கம்போ நட்டு, நாலு பக்கமும் கம்பி வலை அடித்து, மேலேயும் அதே வலையைப் போட்டுக் கட்டுங்கள். வலையின் அடிப்பகுதி தரைக்குள் ஒரு அடி இறங்க வேண்டும். கதவும் கம்பி வலையில்தான் இருக்க வேண்டும், கோணிச் சாக்கைத் தொங்கவிட்டால் அது கதவு ஆகாது. வெளியிலிருந்து தள்ளினால் திறக்காத மாதிரி தாழ்ப்பாள் போடுங்கள். ஒருமுறை உள்ளே புகுந்துவிட்ட சிறுத்தை, ஆடுகள் மிரண்டு ஓட ஓட, கண்ணில் படுவதையெல்லாம் அடித்துப் போடும். ஒரே ராத்திரியில் பத்து ஆடு போகிற கதை அப்படித்தான். பட்டி வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் நல்லது, கொல்லைக் கோடியில் வேண்டாம். சுற்றிலும் இருபது முப்பதடிக்கு உண்ணிச்செடிப் புதரையும் கருவேலத்தையும் வெட்டிவிடுங்கள். மறைவு இல்லாத வெட்டவெளியைத் தாண்டி வரச் சிறுத்தை யோசிக்கும்.

நாயை ராத்திரி வெளியே கட்டிப் போடாதீர்கள், கட்டிய நாய் அதற்கு விருந்துதான். ரோட்டோரத்தில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுவதை ஊர் கூடி நிறுத்துங்கள். கழிவுக்கு நாய் சேரும், நாய்க்குச் சிறுத்தை வரும். ஓசூர், கிருஷ்ணகிரி ரோடுகளில் இது எவ்வளவு நடக்கிறது என்று தினம் பார்க்கிறோம். பன்றிக்காக வேலியில் கரண்ட் விடுவதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படி வைத்த வேலியில் மூன்று யானை செத்தன, இரண்டு குட்டி அநாதையாக நின்றன. யானை இருந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்திருக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பொழுது சாய்ந்த பிறகு சின்னப் பிள்ளைகளைத் தனியாகக் கொல்லைக்கோ கடைக்கோ அனுப்பாதீர்கள். குனிந்து உட்கார்ந்திருக்கிற ஆள் சிறுத்தையின் கண்ணுக்குச் சின்ன விலங்கு. வெளியே ஒதுங்கப் போன இடத்தில் அடிபட்டவர்கள் அதனால்தான் பல ஊரிலும் உண்டு. டார்ச் அடித்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, இரண்டு பேராகப் போங்கள். நேருக்கு நேர் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்தி, சத்தம் போட்டபடி மெதுவாகப் பின்னால் நகருங்கள். அதற்கு ஓடிப்போக ஒரு வழி விட்டு நில்லுங்கள். பாறைப் பொந்தில் குட்டிகள் கிடப்பதைப் பார்த்தால் தொடாமல் வந்துவிடுங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

நம் மாவட்டத்தில் காட்டு விலங்கால் ஆள் சாகிறது என்றால் பெரும்பாலும் அது யானையால், சிறுத்தையால் இல்லை. பயப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. பயத்தில் எடுக்கிற துப்பாக்கி எந்தக் கணக்கையும் குறைக்கப் போவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வாரம் உங்கள் ஊர் செய்யலாம் என்று நான் நினைப்பது இதுதான். ஊராட்சித் தலைவரைக் கூட்டிக்கொண்டு பத்துப் பேர் வனச்சரகரைப் பாருங்கள். "சுடுங்கள்" என்று மனு எழுதினால் அது எங்கோ மேலே போய்த் தூங்கும். சுட உத்தரவிடும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக, கரட்டின் எந்தப் பக்கம், என்ன தேதி, எத்தனை மணி, யார் பார்த்தது என்று எழுதி, நாலு கேமரா வைக்கச் சொல்லுங்கள், ராத்திரி ரோந்து கேளுங்கள். அவர் அளவிலேயே செய்யக்கூடிய வேலை இது, மறுக்கக் காரணம் இருக்காது. உடனே கூண்டு வையுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். வெறுமனே தென்பட்டதற்காகப் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2011 வழிகாட்டுதலே சொல்கிறது, ஜுன்னர் கதையையும் மேலே சொல்லிவிட்டேன். கேமராவில் நொண்டுகிற விலங்கோ, ஆள் பின்னால் வருகிற விலங்கோ பதிவானால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கூண்டு கேளுங்கள், அதையும் தாண்டிப் போனால் பிரிவு 11ஐக் காட்டிக் கேளுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். பெரியப்பாவின் இரண்டு ஆட்டுக்கும் சான்று வாங்கியாயிற்றா என்று முதலில் பாருங்கள். வாங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்து ஒன்று போகும் முன்பு கம்பி வலைக்கு ஏற்பாடு செய்யுங்கள், மேற்கூரைக்கும் சேர்த்து அளவெடுங்கள்.